முள்ளைப் பார்த்து ராடு வாங்குங்கள்: பாஸ் மீனுக்கான தூண்டில் சாமான்கள்

அமெரிக்காவில் எந்தத் தூண்டில் கடைக்குள் நுழைந்தாலும் முதலில் கண்ணில் படுவது ராடுகள், அதாவது தூண்டில் கோல்கள்தான். சுவர் நீளத்துக்கு, ஆளுயரத்துக்கு மேல், வரிசையாக நிற்கும். புதிதாக வருகிறவர் ஒன்றை உருவி, நுனியை ரெண்டு ஆட்டு ஆட்டிப் பார்த்துவிட்டு எடுத்துக்கொள்வார். அப்புறம் அதற்கு ஒரு ரீல், ரீலில் சுற்ற ஒரு நரம்பு (தூண்டில் நூல்), கடைசியில் பில் போடும் இடத்துக்குப் பக்கத்தில் தொங்குகிற பத்துப் பதினைந்து லூர் (மீனை ஏமாற்றும் போலி இரை). இந்த வரிசை தலைகீழ். மீனின் வாயில் போய்த் தைப்பது முள் மட்டும்தான். அந்த முள் எவ்வளவு தடிமன், அதைத் தைக்க எவ்வளவு விசை வேண்டும் என்பதை வைத்துத்தான் நரம்பு, ராடு, ரீல் மூன்றும் அமைய வேண்டும். அதனால் இங்கே முள்ளில் தொடங்கி ரீலில் போய்ச் சேரலாம்.

மீன் எது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நம்மூரில் 'சீ பாஸ்' என்று விற்கிற கொடுவாய்க்கும் இதற்கும் பெயரில் மட்டும்தான் ஒற்றுமை. இது லார்ஜ்மவுத் பாஸ். வட அமெரிக்காவின் நன்னீர் மீன், சன்ஃபிஷ் குடும்பத்தைச் சேர்ந்தது. உலகச் சாதனை 22 பவுண்டு 4 அவுன்ஸ், அதாவது சுமார் 10 கிலோ. 1932 ஜூன் 2 அன்று ஜார்ஜியா மாநிலத்தின் மான்ட்கோமரி ஏரியில் ஜார்ஜ் பெர்ரி பிடித்தது. 2009இல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிதா பிடித்த மீன் அதைவிட ஒரு அவுன்ஸுக்குச் சற்றுக் குறைவான அளவு கூடுதலாக இருந்தது. சாதனையை முறியடிக்கக் குறைந்தது 2 அவுன்ஸ் கூடுதல் வேண்டும் என்பது விதி என்பதால் இருவர் பெயரும் சேர்ந்தே நிற்கிறது.

அதெல்லாம் ஏட்டுக் கணக்கு. ஊர்க் குளத்தில் நீங்கள் பிடிக்கப்போவது பெரும்பாலும் 1 முதல் 3 பவுண்டு மீன். பிறகு ஏன் கடைக்காரர் 15 பவுண்டு, 50 பவுண்டு இழுவை தாங்கும் நரம்பையெல்லாம் எடுத்து நீட்டுகிறார்? பாஸ் திறந்த தண்ணீரில் ஓடிக் களைக்கிற மீன் இல்லை. விழுந்த மரம், அல்லி இலை, கொடிப்பாசி, படகுத்துறையின் கால்கள் என்று எதையாவது ஒட்டிப் பதுங்கி நின்று, பக்கத்தில் வருவதைக் கவ்வும். முள் தைத்த மறுநொடி திரும்ப அதற்குள்ளேயே தலையை விடும். மூன்று பவுண்டு மீனோடு ஐந்து பவுண்டு பாசியும் சேர்ந்து வரும். மரக்கிளையில் நரம்பு உரசும். அந்தச் சுமைக்கும் உரசலுக்கும்தான் தடித்த நரம்பு.

இன்னொன்று, அது கடிக்கிற விதம். வாயைச் சட்டென்று விரித்துத் தண்ணீரோடு சேர்த்து இரையை உள்ளே உறிஞ்சும். வாய்க்குள் போனது உயிரில்லாத சாமான் என்று தெரிந்தால் அதே வேகத்தில் துப்பிவிடும். உங்களுக்குக் கிடைப்பது ஒன்றிரண்டு நொடி. மழுங்கின முள்ளுக்கு அந்த அவகாசம் போதாது.

இரண்டு ஜாதி முட்கள்

கடையில் நூறு வகை முள் தொங்கினாலும் ராடு வாங்குகிறவருக்கு அவை இரண்டே ஜாதி. ஒன்று, லூரின் வயிற்றிலும் வாலிலும் தொங்கும் மூன்று முனைச் சிறுமுள். டிரெபிள் என்பார்கள். மெல்லிய கம்பி, சின்ன வளைவு. மீன் கவ்வியதும் கொஞ்சம் இழுவை கொடுத்தாலே தைத்துவிடும். ஆனால் ஆழமாகத் தைக்காது. மீன் துள்ளித் தலையை உதறும்போது லூரின் எடையே நெம்புகோல் மாதிரி வேலை செய்து முள்ளைப் பிடுங்கிவிடும். இதற்கு விறைப்பான ராடு எமன். பாதி வரைக்கும் வளைந்து கொடுத்து, ஒவ்வொரு உதறலையும் வாங்கிக்கொள்கிற ராடு வேண்டும். பலமாகச் சுண்டவும் கூடாது; ரீலைச் சுற்றிக்கொண்டே ராடைப் பக்கவாட்டில் சாய்த்து இழுத்தால் போதும்.

இரண்டாவது, தடித்த கம்பியில் செய்த ஒற்றை முள். ரப்பர்ப் புழுவுக்குள் ஒளித்து வைப்பது, ஜிக் என்ற கனத்த தலை லூரில் வார்த்திருப்பது எல்லாம் இந்த ஜாதி. ரப்பர்த் தவளையின் முதுகில் ஒட்டிக்கிடக்கும் இரட்டை முள்ளும் இதில்தான் சேரும். முள் முதலில் புழுவைக் கிழித்து வெளியே வர வேண்டும். அப்புறம் மீனின் தாடை எலும்பில் இறங்க வேண்டும். வளைந்து கொடுக்கும் ராடில், ரப்பர் போல நீளும் நரம்பில் இதைச் செய்தால் உங்கள் விசையெல்லாம் வழியிலேயே தீர்ந்துபோகும். நுனி தவிர மற்றதெல்லாம் விறைப்பாக இருக்கும் ராடு, நீளாத நரம்பு, ஓங்கி ஒரு சுண்டு. இப்படித்தான் இது தைக்கும்.

'மீன் கடிச்சுது, பாதி வழியில விட்டுட்டுப் போச்சு' என்ற புலம்பலில் பெரும்பகுதி இந்த இரண்டையும் மாற்றிப் பிடித்ததால் வருவது. தவளைக்கு உரிய ராடில் கிராங்க்பெய்ட் (டிரெபிள் முள் தொங்கும், உதடு வைத்த லூர்) போட்டால் முள் பிய்த்துக்கொண்டு வரும். கிராங்க்பெய்ட் ராடில் ஜிக் போட்டால் முள் தைக்கவே தைக்காது.

அளவு எண்கள் புதியவரைக் குழப்பும். 2, 4, 6 என்று போனால் முள் சிறிதாகிக்கொண்டே வரும். 1/0, 2/0, 3/0 என்று சாய்கோடு போட்ட எண் ஏற ஏற முள் பெரிதாகும். 1 நடுவில் நிற்கும். 7 அங்குலப் புழுவுக்கு 3/0 அல்லது 4/0, 10 அங்குலத்துக்கு 5/0, 5 அங்குலக் குச்சிப் புழுவை நடுவில் குத்திப் போட 1 அல்லது 1/0. ஒரு கம்பெனியின் 3/0 இன்னொரு கம்பெனியின் 4/0 அளவுக்கு இருக்கும் என்பதால் எண்ணை மட்டும் நம்பாமல் புழுவின் பக்கத்தில் முள்ளை வைத்துப் பாருங்கள். புழு எவ்வளவு பருமனோ, அதைப் போல ஏறக்குறைய இரண்டு பங்கு இடைவெளி முள்ளின் முனைக்கும் தண்டுக்கும் இடையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் மீன் கவ்வும்போது நசுங்கிய ரப்பர் அந்த இடத்தை அடைத்துக்கொள்ளும். முனைக்கு வெளியே வர வழியிருக்காது.

கூர்மையைச் சோதிக்க ஒரு பழைய வழி உண்டு. முள் முனையைக் கட்டைவிரல் நகத்தின் மேல் லேசாக வைத்து இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போனால் மழுங்கிவிட்டது. நகத்தில் பிடித்துக்கொண்டு நின்றால் கூர் இருக்கிறது. பாறையில் இரண்டு முறை மோதிய முள் பெரும்பாலும் இந்தச் சோதனையில் தோற்கும். டிரெபிள் முள்ளை மாற்றும்போது அதே அளவு, அதே தடிமன் போடுங்கள். முக்கியமாக, தண்ணீரின் நடுவில் அந்தரத்தில் நிற்பதற்கென்று செய்த ஜெர்க்பெய்ட் என்ற லூரில் ஒரு சுற்றுப் பெரிய முள்ளைப் போட்டால் அது மெல்ல மூழ்க ஆரம்பித்துவிடும். அந்த லூரின் வித்தையே அந்தரத்தில் நிற்பதுதான்.

டெக்சஸ் ரிக், கைக்கருகில்

ரப்பர்ப் புழு பாஸ் மீன்பிடியைத் தலைகீழாக மாற்றிய சாமான். 1949இல் ஒஹாயோவின் ஆக்ரன் நகரில் நிக் கிரீம் என்பவர் செய்து விற்றது. பாசிக்குள்ளும் மரத்துக்குள்ளும் சிக்காமல் அதைப் போட உதவுகிற கட்டுதான் டெக்சஸ் ரிக். ஒரே ஒரு கட்டு மட்டும் கற்றுக்கொள்வேன் என்கிறவர் இதைக் கற்றுக்கொண்டால் போதும்.

வேண்டியவை: 7 அங்குல வால் புழு, 3/0 ஆஃப்செட் முள் (கண்ணுக்குக் கீழே 'ட' போல ஒரு மடிப்பு இருக்கும்), 3/16 அவுன்ஸ் தோட்டா வடிவக் குண்டு. முதலில் குண்டை நரம்பில் கோருங்கள், கூரான பக்கம் ராடைப் பார்க்கும்படி. பிறகு முள்ளைக் கட்டுங்கள். புழுவின் தலைக்கு நேர் நடுவில் முனையை ஏற்றி, கால் அங்குலம் உள்ளே போனதும் பக்கவாட்டில் வெளியே எடுங்கள். புழுவை முள்ளின் கண் வரைக்கும் தள்ளி ஏற்றுங்கள். இப்போது முள்ளை அரைச் சுற்றுத் திருப்பினால் முனை புழுவைப் பார்க்கும். அந்த மடிப்பு தலைக்குள் போய் உட்காரும். முள்ளைப் புழுவின் பக்கத்தில் தொங்கவிட்டு, வளைவின் அடி எந்த இடத்தில் வருகிறது என்று விரல் நகத்தால் ஒரு அடையாளம் வையுங்கள். புழுவைக் கொஞ்சம் மடக்கி அந்த அடையாளத்தில் நேராகக் குத்தி மறுபக்கம் எடுங்கள். கடைசியாக முனையை முதுகுத் தோலுக்கு அடியில் ஒரு நூல் அளவு செருகி மூடுங்கள்.

நரம்பைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். புழு தராசு முள் மாதிரி நேராகத் தொங்க வேண்டும். கோணலாக வளைந்தோ, நடுவில் சுருக்கம் விழுந்தோ இருந்தால் தண்ணீரில் காற்றாடி போலச் சுழலும். மீன் தொடாது, நரம்பும் முறுக்கேறும். வேறு வழியில்லை, உருவி மறுபடி குத்துங்கள். பெரும்பாலும் தவறு அந்த அடையாளத்தில்தான் இருக்கும். கால் அங்குலம் முன்னே பின்னே குத்தியிருப்பீர்கள்.

குண்டின் எடை, புழு எவ்வளவு வேகமாக விழ வேண்டும் என்பதைப் பொறுத்தது. எட்டடிக்குக் குறைந்த ஆழத்தில் 3/16. அதற்கு மேல் 1/4, 3/8. பாய் விரித்தது போன்ற பாசியைத் துளைத்து இறங்க 3/4 அல்லது 1 அவுன்ஸ். பாசியில் போடும்போது குண்டு நரம்பில் நழுவி மேலே போய்விடும், புழு மேலேயே சிக்கிக்கொண்டு நிற்கும். அதைத் தடுக்கக் குண்டுக்கு மேலே ஒரு ரப்பர்த் தடுப்பைக் கோர்த்துக்கொள்ளுங்கள். ஈயத்தைவிட டங்ஸ்டன் குண்டு விலை கூடுதல். ஆனால் அதே எடையில் உருவம் சிறிது, கடினமானது. அடியில் கிடப்பது சேறா கல்லா என்று கைக்குச் சொல்லும். நியூ ஹாம்ப்ஷயர், மாசசூசெட்ஸ் போன்ற மாநிலங்களில், லூன் பறவைகள் விழுங்கிச் சாகின்றன என்பதால் சிறிய ஈயக் குண்டுகளுக்குத் தடையே இருக்கிறது.

கடி பெரும்பாலும் புழு விழும்போது வரும். 'டிக்' என்று ஒரு தட்டல். சில சமயம் அதுகூட இருக்காது, நரம்பு தானாகப் பக்கவாட்டில் நகரும். ராடைத் தாழ்த்தி, தளர்வைச் சுற்றி எடுத்து, அப்புறம் ஓங்கிச் சுண்டுங்கள். நரம்பு தளர்ந்திருக்கும்போது சுண்டினால் ராடு காற்றைத்தான் அடிக்கும்.

லூர்களில் எவை

பத்துப் பதினைந்து லூர் வாங்குவதற்குப் பதில் நாலைந்தை ஒழுங்காக ஓட்டத் தெரிந்துகொள்வதே மேல் என்பது என் கட்சி. டெக்சஸ் ரிக் புழுவுக்கு அடுத்து 5 அங்குலக் குச்சிப் புழு. கேரி யமமோட்டோவின் சென்கோ இதன் மூல வடிவம். குண்டே இல்லாமல், நடுவில் ஒரு ரப்பர் வளையம் மாட்டி, அந்த வளையத்துக்கு அடியில் முள்ளைக் கோர்த்து எறிந்துவிட்டுச் சும்மா இருங்கள். இரண்டு முனையும் துடித்துக்கொண்டே இறங்கும். இதை வாக்கி ரிக் என்பார்கள். சும்மா இருப்பதுதான் கஷ்டம். இதில் ஒரு ஆபத்து உண்டு: கவனிக்காமல் விட்டால் மீன் தொண்டை வரை விழுங்கிவிடும். நரம்பு அசைந்தவுடன் இழுத்துவிடுங்கள்.

கலங்கிய தண்ணீர், காற்று அடிக்கிற நாள் என்றால், கம்பியில் தகடு சுழலும் ஸ்பின்னர்பெய்ட், 3/8 அல்லது 1/2 அவுன்ஸ். வில்லோ என்ற நீள இலைத் தகடு மின்னும், வேகமாக ஓட்டலாம், தெளிந்த தண்ணீருக்கு ஏற்றது. கொலராடோ என்ற வட்டத் தகடு மெதுவாக ஓட்டினாலே தண்ணீரைத் தடதடவென்று அதிரவைக்கும். கலங்கலிலும் இரவிலும் மீன் அந்த அதிர்வை வைத்தே தேடி வரும். இந்த லூரின் கம்பி வளைந்தால் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடும். மேல் கம்பி, முள்ளின் தண்டுக்கு நேர் மேலே வரும்படி கையாலேயே நிமிர்த்திவிடுங்கள்.

கிராங்க்பெய்ட்டில் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் உதடுதான் எல்லாம். சிறிய சதுர உதடு மூன்று முதல் ஐந்தடி ஆழம் போகும். கட்டையில் மோதினால் சிக்காமல் துள்ளி விலகும். மோதி விலகுகிற அந்த நொடியில்தான் கடி. ஆகவே மோதவிடாமல் பத்திரமாக ஓட்டுவதில் அர்த்தமில்லை. நீண்ட உதடு பதினைந்தடிக்கும் கீழே இறங்கும். அட்டையில் போட்டிருக்கிற ஆழம் ஒரு குறிப்பிட்ட நரம்பில் சோதித்தது. நீங்கள் தடித்த நரம்பு கட்டினால் தண்ணீர் அதைத் தடுக்கும், லூர் அவ்வளவு ஆழம் போகாது. நேராக ஓடாமல் இடதுபக்கம் இழுத்தால், எதிரிலிருந்து லூரின் முகத்தைப் பார்த்து, மூக்கிலிருக்கும் கம்பி வளையத்தை அது இழுக்கிற திசைக்கு எதிர்ப்பக்கம் மயிரிழை வளையுங்கள். குறடால் ஒரு தொடு தொட்டால் போதும், அழுத்தினால் வளையம் ஆடிப்போகும்.

உதடில்லாத, உள்ளே குண்டுமணி குலுங்குகிற வகையை, ராட்டில்-டிராப் போன்றவற்றை, முளைத்துவரும் பாசியின் தலைமேல் ஓட்டுங்கள். பாசியில் மாட்டினால் வெடுக்கென்று பிடுங்குங்கள். பிடுங்கி விடுபடும்போது அடிக்கும். ஜெர்க்பெய்ட் குளிர்த் தண்ணீருக்கு: இரண்டு இழுப்பு, பிறகு அசையாமல் நிறுத்தம். தண்ணீர் 50 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்கினால் பத்து நொடி, பதினைந்து நொடிகூட நிறுத்த வேண்டியிருக்கும்.

ரப்பர்த் தவளை வெயில் காலத்தில், பாசி மெத்தையின் மேல். தண்ணீர் வெடித்ததும் சுண்டுவது மனித சுபாவம், அதுவே தவறு. தவளை கண்ணிலிருந்து மறைந்து, கையில் கனம் தெரிகிற வரைக்கும் பொறுங்கள்.

நிறத்தைப் பற்றிக் கடைக்காரர் பேச ஆரம்பித்தால் பொழுது போய்விடும். தெளிந்த தண்ணீருக்குப் பூசணிப் பச்சை, கலங்கலுக்குக் கருப்பும் நீலமும் கலந்தது, குஞ்சு மீன் கூட்டமாகத் திரிகிற இடத்தில் வெள்ளை. மற்றதெல்லாம் பெரும்பாலும் வாங்குகிறவரின் கண்ணுக்கு.

நரம்பு

நம்மூரில் தங்கூசி என்று சொல்லுகிற நைலான் நரம்புதான் மோனோ. மலிவு, நன்றாக நீளும், ஏறக்குறைய மிதக்கும். மேல்தண்ணீரில் ஓட்டும் டிரெபிள் லூர்களுக்கு அது போதும். ஃப்ளூரோகார்பன் மூழ்கும், உரசலைத் தாங்கும், தண்ணீருக்குள் அவ்வளவாகத் தெரியாது. விறைப்பானது என்பதால் சுருள் சுருளாக நிற்கும். புழு, ஜிக், கிராங்க்பெய்ட் எல்லாவற்றுக்கும் இது. பிரெய்டு என்ற பின்னல் நரம்பு நீளவே நீளாது, மிதக்கும், பாசியை அறுக்கும். ஆனால் தெளிந்த தண்ணீரில் பளிச்சென்று தெரியும், கல்லில் உரசினால் சட்டென்று அறுந்துவிடும்.

பிரெய்டை ரீலின் வெறும் ஸ்பூலில் (நரம்பு சுற்றும் உருளையில்) சுற்றினால் மொத்தச் சுற்றும் வழுக்கிச் சுழலும். டிராக் (மீன் பலமாக இழுத்தால் நரம்பை நழுவவிடும் அமைப்பு) கெட்டுவிட்டது என்று ரீலைக் கழற்றுகிறவர்கள் உண்டு, கெட்டதெல்லாம் ஒன்றுமில்லை. அடியில் பத்துப் பதினைந்து சுற்று மோனோ சுற்றி, அதன் மேல் பிரெய்டைக் கட்டுங்கள்.

முடிச்சுக்குப் பாலோமர் ஒன்று தெரிந்தால் பெரும்பாலான வேலை ஆகிவிடும். நரம்பை இரட்டையாக மடித்து முள்ளின் கண்ணில் நுழைத்து, அந்த இரட்டையில் ஒரு சாதாரண முடிச்சைத் தளர்வாகப் போட்டு, வளையத்துக்குள் முள்ளை நுழைத்து, இரண்டு பக்கமும் சேர்த்து இறுக்க வேண்டும். இறுக்குவதற்கு முன் எச்சில் தொட்டு ஈரமாக்குங்கள். காய்ந்தபடி இறுக்கினால் உரசலில் சூடேறி ஃப்ளூரோகார்பன் பலமிழந்துவிடும். முடிச்சுக்கு மேலே நரம்பு சுருண்டு பன்றிவால் மாதிரி நின்றால் அதுதான் அறிகுறி. வெட்டிவிட்டு மறுபடி கட்டுங்கள்.

ராடு

இப்போதுதான் ராடு. கைப்பிடிக்கு மேலே சின்ன எழுத்தில் நீளம், பவர், ஆக்‌ஷன், லூர் எடை, நரம்பு பலம் எல்லாம் அச்சடித்திருக்கும். பவர் என்பது எவ்வளவு சுமைக்கு வளையும் என்பது: லைட், மீடியம், மீடியம் ஹெவி, ஹெவி. ஆக்‌ஷன் என்பது எந்த இடத்தில் வளையும் என்பது: ஃபாஸ்ட் என்றால் நுனியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு, மாடரேட் என்றால் பாதி வரைக்கும். இரண்டும் வேறு வேறு. ஹெவி ராடு மாடரேட்டாகவும் இருக்கலாம், லைட் ராடு ஃபாஸ்ட்டாகவும் இருக்கலாம். இதற்குப் பொது அளவுகோல் எதுவும் கிடையாது. ஒரு கம்பெனியின் மீடியம் ஹெவி இன்னொன்றின் மீடியம் போல இருக்கும். நம்பக்கூடியது லூர் எடை எண்தான். 3/8 முதல் 1 அவுன்ஸ் என்று போட்டிருந்தால் 1/2, 5/8 அவுன்ஸில் அந்த ராடு நன்றாக எறியும். இரண்டு ஓரத்திலும் தடுமாறும்.

ஒற்றை முள்ளுக்கு ஃபாஸ்ட், டிரெபிளுக்கு மாடரேட். முழு கிராஃபைட் ராடு எடை குறைவு, சின்னத் தட்டலையும் கைக்குக் கடத்தும். கண்ணாடி இழை கலந்தது கனம், மந்தம். கிராங்க்பெய்ட்டுக்கு அந்த மந்தமே நல்லது, சட்டென்று பிடுங்கவிடாது.

கடையில் வாங்கும்போது, வளையங்கள் நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று துப்பாக்கியில் குறிபார்ப்பது போல அடியிலிருந்து பாருங்கள். பழைய ராடு என்றால் ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் ஒரு துண்டுப் பஞ்சை விட்டு இழுங்கள். பஞ்சு எந்த வளையத்தில் மாட்டுகிறதோ அதன் பீங்கானில் கீறல் இருக்கிறது; உங்கள் நரம்பு அங்கேதான் அறுந்துகொண்டிருக்கும்.

கிராஃபைட் ராடுகள் உடைவது பெரும்பாலும் தண்ணீரில் சண்டையிடும்போது அல்ல, மீன் காலடிக்கு வந்த பிறகு. மீனைத் தூக்க ராடைத் தலைக்கு மேலே, பின்பக்கம் சாயும்படி உயர்த்தினால் சுமை முழுக்க நுனியின் சில அங்குலத்தில் விழும். அங்கே கம்பு பென்சில் முனை அளவுதான் இருக்கிறது. படகின் விளிம்பிலோ கார் கதவிலோ இடிபட்ட ராடு அன்று உடையாது, அந்தக் காயத்தோடு இருந்து அடுத்த மாதம் உடையும்.

ரீல்

ஸ்பின்னிங் ரீல் ராடுக்கு அடியில் தொங்கும். கைப்பிடியை எந்தப் பக்கமும் மாற்றிக்கொள்ளலாம். 1/4 அவுன்ஸுக்குக் குறைந்த லூருக்கு இதுதான். 2500 அளவு பாஸுக்குப் போதும். எறிந்த பிறகு, ஸ்பூலுக்கு மேலே வளைந்திருக்கும் பெய்ல் கம்பியைக் கையால் மூடுங்கள். கைப்பிடியைச் சுற்றி மூடினால் ஒவ்வொரு முறையும் ஒரு தளர்ந்த சுருள் உள்ளே போகும், பத்தாவது எறிதலில் சிக்காக வெளியே வரும். மீன் டிராக்கை இழுத்துக்கொண்டு ஓடும்போது சுற்றாதீர்கள். நரம்பு உள்ளே வராது, முறுக்கு மட்டும்தான் ஏறும். ஸ்பூலின் விளிம்புக்கு 3 மில்லிமீட்டர் குறைவாக நரம்பு நிரப்புங்கள். அதற்கு மேல் போனால் கொத்தாகக் கழன்று வரும், ரொம்பக் குறைந்தால் எறிதல் தூரம் போகாது.

பெய்ட்காஸ்டர் ராடின் மேலே உட்காரும். தடித்த நரம்புக்கும் கனமான லூருக்கும் இதற்கு மாற்றில்லை. இதில் கைப்பிடியைப் பக்கம் மாற்ற முடியாது. வலக்கையால் எறிகிறவர் இடப்பக்கக் கைப்பிடி வாங்கினால் எறிந்ததும் கை மாற்ற வேண்டியதில்லை; பெட்டியைத் திறப்பதற்கு முன் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள். 7.1:1 என்பது கைப்பிடி ஒரு சுற்றுக்கு ஸ்பூல் 7.1 சுற்று. ஆனால் ஒரு சுற்றுக்கு எத்தனை அங்குலம் நரம்பு வருகிறது என்பது ஸ்பூலின் விட்டத்தையும் பொறுத்தது, அந்த எண்ணையும் பெட்டியில் தேடுங்கள். புழுவிலும் ஜிக்கிலும் தளர்வைச் சீக்கிரம் எடுக்க வேண்டும் என்பதால் 7 அல்லது அதற்கு மேல். ஆழமான கிராங்க்பெய்ட் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வரும். அதை 8:1 ரீலில் இழுத்தால் ஒரு மணி நேரத்தில் மணிக்கட்டு பேசும். அதற்கு 5 அல்லது 6.

எல்லோரையும் பயமுறுத்துவது இதன் சிக்கு. காரணம் எளிது: லூர் காற்றில் வேகம் குறைகிறது, ஸ்பூல் அதே வேகத்தில் சுழல்கிறது, வெளியே போக முடியாத நரம்பு உள்ளேயே பொங்குகிறது. கட்டுப்படுத்த மூன்று இடம். கைப்பிடிப் பக்கமிருக்கும் சின்னத் திருகு முதலாவது: 1/2 அவுன்ஸ் லூரைக் கட்டி, ராடைக் கிடையாகப் பிடித்து, ஸ்பூலை விடுவிக்கும் பட்டனை அழுத்தி விடுங்கள். லூர் மெல்ல இறங்கி, தரையைத் தொட்டதும் ஸ்பூல் நிற்க வேண்டும். தொட்ட பிறகும் சுற்றினால் இன்னும் இறுக்குங்கள். மறுபக்கம் இருக்கும் பிரேக் இரண்டாவது: உச்சத்தில் தொடங்கி, கை பழகப் பழக ஒவ்வொரு புள்ளியாகக் குறையுங்கள். மூன்றாவது உங்கள் கட்டைவிரல். லூர் தண்ணீரைத் தொடுவதற்கு ஒரு கணம் முன்னால் அது ஸ்பூலை நிறுத்தியிருக்க வேண்டும். எந்த விலை ரீலும் இந்த மூன்றாவதைச் செய்யாது. முதல் வாரம் எதிர்க்காற்றில் எறியாதீர்கள்.

பழகும் நாட்களில் ஒரு உபாயம்: உங்களால் எறிய முடிந்த அதிக தூரம் எறிந்து, அதற்கு மேல் ஐந்தாறு கஜம் நரம்பை உருவிவிட்டு, ஸ்பூலில் மிச்சமிருப்பதன் மேல் ஒரு சுற்று எலெக்ட்ரிகல் டேப் ஒட்டிவிடுங்கள். எவ்வளவு மோசமான சிக்கும் டேப்பைத் தாண்டி உள்ளே போகாது. சிக்கு விழுந்தால் நரம்பைப் பிடித்து இழுக்க வேண்டாம். கட்டைவிரலால் ஸ்பூலை நன்றாக அழுத்திக்கொண்டு கைப்பிடியை நாலைந்து சுற்று சுற்றுங்கள். பிறகு பட்டனை அழுத்தி நரம்பை மெல்ல உருவுங்கள். இரண்டு மூன்று தடவையில் பெரும்பாலான சிக்கு அவிழ்ந்துவிடும். அவிழ்ந்த பிறகு ஃப்ளூரோகார்பனில் வெண்மையாக மடிப்பு விழுந்த இடம் தெரிந்தால் அந்த மடிப்போடு சேர்த்து முள் பக்கம் இருப்பதை வெட்டிவிடுங்கள். அடுத்த பெரிய மீன் அந்த மடிப்பில்தான் அறுத்துக்கொண்டு போகும்.

டிராக்கை நரம்பின் பலத்தில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை வையுங்கள். 12 பவுண்டு நரம்புக்கு 3 அல்லது 4 பவுண்டு இழுவையில் நழுவ வேண்டும். ஒரு சுருள்வில் தராசை மாட்டி இழுத்தால் தெரிந்துவிடும். பாசியில் 50 பவுண்டு பிரெய்டோடு தவளை போடுகிறவர்கள் டிராக்கை ஏறக்குறைய பூட்டியே வைப்பார்கள். அங்கே மீனை ஓடவிட்டால் அது பாசிக்குள் போய்விடும், திரும்ப வராது.

ஒரே ஒரு செட் வாங்கக் காசிருந்து, கரையில் நின்று குளத்தில் போடப்போகிறீர்கள் என்றால் 7 அடி மீடியம் ஃபாஸ்ட் ஸ்பின்னிங் ராடு, 2500 ரீல், 10 பவுண்டு பிரெய்டு, அதன் முனையில் ஆறேழு அடி 8 பவுண்டு ஃப்ளூரோகார்பன். வாக்கி ரிக்கும் சின்னப் புழுக்களும் இதில் அடங்கும். இரண்டாவது செட் 7 அடி மீடியம் ஹெவி ஃபாஸ்ட் காஸ்டிங் ராடு, 7:1 பெய்ட்காஸ்டர், 15 பவுண்டு ஃப்ளூரோகார்பன்: டெக்சஸ் ரிக், ஜிக், ஸ்பின்னர்பெய்ட். டிரெபிள் லூர்களில் ஆசை வந்த பிறகு, 12 பவுண்டு நரம்போடு ஒரு மாடரேட் ராடு. தவளை ராடு கடைசி. பாசி மண்டிய ஏரி பக்கத்தில் இல்லாதவருக்கு அது தேவையே இல்லை.

சாமான்களோடு மூன்று சின்னப் பொருள்கள் சேர வேண்டும்: நீண்ட மூக்குக் குறடு, நரம்பு வெட்டி, அளவுகோல். உரிமமும் அளவு விதியும் மாநிலத்துக்கு மாநிலம், சில சமயம் ஏரிக்கு ஏரி மாறும். டெக்சஸில் பொதுவாக லார்ஜ்மவுத் 14 அங்குலமாவது இருந்தால்தான் வீட்டுக்குக் கொண்டுபோகலாம், ஒரு நாளைக்கு ஐந்து; ஆனால் அதே மாநிலத்தின் லேக் ஃபோர்க்கில் 16 முதல் 24 அங்குலம் வரைக்கும் உள்ளதைத் திரும்ப விட்டுவிட வேண்டும். பெரிய மீனைக் கீழ்த்தாடையை மட்டும் பிடித்துச் சாய்வாகத் தொங்கவிடாதீர்கள், தாடை மூட்டு விலகிவிடும். ஒன்று செங்குத்தாகப் பிடியுங்கள், இல்லையென்றால் இன்னொரு கையை வயிற்றுக்கு அடியில் கொடுத்துக் கிடையாகப் பிடியுங்கள்.

ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் முள்ளுக்கு மேலே ஒரு முழம் நரம்பை விரல் நுனிக்கு நடுவில் ஓட்டிப் பாருங்கள். சொரசொரப்புத் தட்டினால் வெட்டிக் கட்டுங்கள். வீட்டுக்கு வந்ததும் ஈர லூர்களை அப்படியே பெட்டியில் போட்டு மூடாதீர்கள். ஒரு துருப்பிடித்த டிரெபிள் பெட்டி முழுக்கக் கறையேற்றும். ரப்பர்ப் புழுக்களை அவை வந்த பையிலேயே வையுங்கள். நீண்டு கொடுக்கிற எலாஸ்டெக் வகையை மற்ற புழுக்களோடு ஒரே அறையில் போட்டால் ஒரு கோடை வெயிலில் எல்லாம் உருகி ஒட்டி, காசு கொடுத்து வாங்கியது ஒரு கட்டி கோந்தாகிவிடும்.